தின்னாத போரான்

மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

ஒன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இரும்பும் சிலிக்கானும் மாறி மாறிப் படிந்து நியூட்ரான்களைத் திருப்பியனுப்பும் கண்ணாடியை நானும் நீயும் சேர்ந்துதான் தொடங்கினோம். அடுக்குகள் ஒன்றில் ஒன்று ஊறாமலிருக்க அதில் போரான் கலக்கலாம் என்றாய். நியூட்ரானைக் கண்டாலே விழுங்கும் சரக்கு அது, கூடாது என்றேன். “அவருக்கு வயசாயிடுச்சு சார், வேற பிரிவுக்கு மாத்திடுங்க” என்று இயக்குநரிடம் நீ சொன்னபோது கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். தங்கை கையில் நீ கொடுத்தனுப்பிய பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்கவும் மாட்டேன்.

இப்படிக்கு,
உன் மனைவியின் அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள மச்சானுக்கு,

அன்றைக்கு நான் பேசியது தப்பு. ஆனால் நீ கத்தியது நினைவிருக்கிறதா? “தின்னாத போரான் இருந்தா கொண்டாடா, நானே கலக்கறேன்!” போரானில் இரண்டு வகை. அணு எடை பத்து உள்ளது நியூட்ரானைத் தின்னும், பதினொன்று உள்ளது தின்னாது. கோபத்தில் நீயும் மறந்தாய், நானும் மறந்தேன். பிறகு அதைத் தேடி வாங்கிக் கலந்தேன். பொட்டலத்தில் அந்தக் கண்ணாடித் துண்டு இருக்கிறது. இதைப் பற்றி நான் எழுதும் கட்டுரையில் உன் பெயரைச் சேர்க்கச் சம்மதப் படிவமும் வைத்திருக்கிறேன். யோசனை உன்னுடையது. கையெழுத்துப் போட்டு அனுப்பு. இல்லையென்றால் பெயர் சேராது.

உன் மாப்பிள்ளை

மார்ச் 17

மாப்பிள்ளைக்கு,

பிரித்துவிட்டேன். எங்கள் எக்ஸ்ரே கருவியில் வைத்தேன். ஆயிரம் அடுக்குகள், எல்லாம் சேர்ந்தும் ஒரு தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு வராது. நம் காலத்தில் இரும்பும் சிலிக்கானும் ஈரத்தாளில் பட்ட மைபோல ஒன்றில் ஒன்று ஊறிவிடும். இதில் ஒவ்வோர் எல்லையும் கத்தியால் வகுந்ததுபோல் நிற்கிறது. நம்பாமல் மூன்று முறை அளந்தேன்.

“சார், மெஷின் கெட்டுப்போச்சா?” என்று கேட்டார் உதவியாளர்.

“இல்லம்மா, நான்தான்.”

ஒரு பக்கம் சுழலும் நியூட்ரான் இதில் பட்டுத் திரும்புகிறது, மறுபக்கம் சுழல்வது சுவரே இல்லாததுபோல் கடந்து போகிறது என்று பொட்டலத்தில் நீ வைத்திருந்த வரைபடம் சொல்கிறது. சாப்பிடப் போகக்கூட மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒன்றை மனிதக் கை செய்யுமா?

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தக் கதவு இன்னும் உறுத்துகிறது. ஆனால் நான் செய்யாததை என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. திட்டியவர்களுக்கெல்லாம் பெயர் போடுவதென்றால் உன் கட்டுரையில் என் தங்கை பெயர்தான் முதலில் வரவேண்டும்.

என் அளவுகளை இணைத்திருக்கிறேன், எடுத்துக்கொள். துண்டைத் திருப்பித் தரமாட்டேன். மேசைமேல் இருக்கட்டும். படிவத்தை நாலைந்து முறை எடுத்து வைத்தேன், பேனாவையும் திறந்தேன். இப்போது மடித்து உறைக்குள் போட்டுவிட்டேன். கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.