கூடத்தில் மாட்ட வேண்டிய படம்

மார்ச் 4

அன்பு மகனுக்கு,

ஸலாம். போனில் பேசினால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

மாதக் கடைசியில் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். உன்னோடு வந்து இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். உன் அத்தா வாங்கி மாட்டிய பழங்காலப் பள்ளிவாசல் படத்தை முன்னதாகவே அனுப்பிவிட்டேன். கூடத்தில், வாசலைப் பார்த்து மாட்டு. ஆணி நீளமாக இருக்கட்டும். சட்டம் கனம்.

அம்மா

மார்ச் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

படம் பத்திரமாக வந்தது. உங்கள் அறையில் மாட்டிவிட்டேன். இத்துடன் போட்டோ வைத்திருக்கிறேன், பாருங்கள்.

கூடத்தில் வேண்டாம் அம்மா. அலுவலக மேலாளர் வருவார், எதிர்வீட்டுக்காரர் வருவார். போன வீட்டில் இந்தப் படத்தால் என்னென்ன பேச்சுக் கேட்டோம் என்று உங்களுக்கே தெரியும். கூடத்துக்கு ஓர் அருவிப் படம் வாங்கியிருக்கிறேன். யார் கண்ணையும் உறுத்தாது. கோபப்படாதீர்கள்.

உங்கள் மகன்

மார்ச் 17

மகனே,

போட்டோவைப் பார்த்தேன். படத்தைத் தலைகீழாக மாட்டியிருக்கிறாய்! மேலே இருப்பது குளத்துத் தண்ணீரில் விழுந்த நிழல். உற்றுப் பார், குவிமாடம் நெளியும். அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவன் நீ. மறைக்கிற அவசரத்தில், எதை மறைக்கிறோம் என்றுகூடப் பார்க்கவில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். என் வகுப்பில் ஒருத்தி, "டீச்சர், இவ பக்கத்துல உக்கார மாட்டேன், இவளைப் பின்னாடி அனுப்புங்க" என்றாள். "பிடிக்காதது உனக்குத்தானேம்மா? நீ போ பின்னாடி" என்றேன்.

அருவியை உள்ளே மாட்டு. படம் கூடத்துக்கு வந்தால் நானும் வருகிறேன். இல்லையென்றால் படத்தைத் திருப்பி அனுப்பு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வாடகைக்கு ஓர் அறை பார்த்துவிட்டேன். அந்த வீட்டுக்காரம்மாவிடம், சுவரில் ஆணி அடிக்கலாமா என்றுதான் முதலில் கேட்டேன்.

அம்மா

மார்ச் 25

அம்மா,

நேராக்கிவிட்டேன். கூடத்தில், வாசலைப் பார்த்து, நீள ஆணியில்.

நேற்று மேலாளர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "என்னப்பா இது, வேற படமே கிடைக்கலையா?" என்றார். "இது எங்க வீட்டுப் படம் சார். உள்ள வாங்க, உக்காருங்க" என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் டீயைத் தொடாமலே கிளம்பிவிட்டார். நாளைக்கு அலுவலகத்தில் எப்படியோ, பார்த்துக்கொள்ளலாம்.

அவர் போனபின் படத்தின் கீழே உட்கார்ந்து இரண்டு டம்ளர் டீயையும் நானே குடித்தேன்.

சனிக்கிழமை வண்டியோடு வருகிறேன். பெட்டியைக் கட்டி வையுங்கள்.

உங்கள் மகன்