கமலாம்பிகை அக்காவின் சிரிப்பு

2009 பெப்ரவரி 8, ஞாயிறு

லண்டன் ஹரோவில் நாங்கள் போட்ட நாடகத்தைப் பார்த்த ஒரு வெள்ளைக்காரர் இன்று தொலைபேசியில் அழைத்தார். சின்னப் படம் ஒன்று எடுக்கிறாராம். நடிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அவருடைய நண்பர்கள். எரிந்துபோன கடைகளை விசாரிக்கும் இன்சூரன்ஸ் விசாரணையாளர் ஒருவரின் மர்மக் கதை. கடைக்காரனின் மனைவியாக நான். வசனம் குறைவு, முகத்துக்குத்தான் வேலை என்றார்.

என் கணவர் துஷாந்தனிடம் சொன்னேன். “கடையைக் கொளுத்தினது ஆர், நீரோ?” என்று கேட்டார். இன்னும் முடிவாகவில்லையாம்.

பெப்ரவரி 12

நான் வேலை செய்யும் பல் வைத்தியசாலையில் லீவு சொல்லிவிட்டு மோர்டன் போனேன். கமலாம்பிகை அக்காவின் பலசரக்குக் கடை மார்கழியில் எரிந்தது. தாங்களே கொளுத்திவிட்டார்கள் என்று ஊர் முழுக்கக் கதை. இன்று அவரை விசாரிக்க உண்மையான இன்சூரன்ஸ்காரர் வந்தார். மொழிபெயர்க்க அக்கா என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் லண்டனுக்கு வந்த புதிதில் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர்.

அந்த மனிதர் மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் அக்கா சிரித்தார். தொண்டையில் ஏறி மூக்கால் உடைந்து வரும் சிரிப்பு. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அவர் போனதும் அக்கா என் கையைப் பிடித்தார். “பயம் வந்தா எனக்குச் சிரிப்புத்தான் வரும் ரஜனி. அதை நீ அவருக்குச் சொன்னனியோ?”

சொன்னேன். அவர் நம்பினாரா, தெரியாது.

பெப்ரவரி 27

ரெய்னர்ஸ் லேனில் ஒரு பூட்டிய கடையில் படப்பிடிப்பு. இயக்குநரின் தாயார் எல்லோருக்கும் சாண்ட்விச் கொண்டுவந்தார். விசாரணையாளர் என்னைக் கேள்வி கேட்கும் காட்சி. திரும்பத் திரும்ப அழுதேன். இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும்தான் அழுகிறார்கள், வேறு ஏதாவது செய் என்றார்.

சிரித்தேன். மூக்கால் உடைந்து, வாயைப் பொத்தி, நிறுத்த முடியாமல்.

எல்லோரும் கைதட்டினார்கள். வீடு வரும்வரை கால் நிலத்தில் படவில்லை. முகம் கழுவும்போதுதான் — ஐயோ, அது என்ரை சிரிப்பில்லையே.

மார்ச் 3

இயக்குநர் கதையின் முடிவை எழுதிவிட்டார். கடையைக் கொளுத்தியவள் நான்தான் என்று அந்தச் சிரிப்பை வைத்தே விசாரணையாளர் கண்டுபிடிக்கிறாராம். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது ‘தாங்க் யூ’.

மே 20

ஊரில் போர் முடிந்த செய்தி. எழுத ஏலாது.

ஒக்டோபர் 3, சனி

ஹரோ மண்டபத்தில் படம் போட்டார்கள். அக்காவை நான் கூப்பிடவில்லை. ஒன்றும் தெரியாத துஷாந்தன் கூப்பிட்டிருக்கிறார். பட்டுச்சேலையில் வந்தார். “என்ரை தங்கச்சி சினிமாவிலை!” என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னார்.

அந்தக் காட்சி வந்தது. பின்னாலிருந்து ஒரு குரல்: “ஐயோ, இது மோர்டன் கமலாம்பிகை எல்லே!” மண்டபம் சிரித்தது. இன்னொரு குரல்: “ரஜனிதானே அவவுக்கு மொழிபெயர்க்கப் போனவ. உண்மை தெரியாமலே செய்திருப்பா?”

எனக்கு முன்வரிசையில் அக்கா. அவருடைய கொண்டை அசையவே இல்லை.

படம் முடிந்ததும் மேடைக்கு அழைத்தார்கள். இந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டார். “கற்பனை,” என்றேன். அக்கா எல்லோருடனும் சேர்ந்து கைதட்டினார்.

ஒக்டோபர் 4

மோர்டன் போனேன். கதவைத் திறந்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “முதல்லை தேத்தண்ணியைக் குடி,” என்றார். குடிக்க முடியவில்லை.

“நான் பயந்ததை நீ ஒருத்திதான் கிட்ட இருந்து பாத்தனி. கேட்டிருந்தா நானே தந்திருப்பன் பிள்ளை. அதை ஏன் கடை கொளுத்தின ஒரு கள்ளிக்குக் குடுத்தனி?”

எல்லோரிடமும் உண்மையைச் சொல்கிறேன் என்றேன்.

“எப்பிடி? வீடு வீடாய்ப் போயோ?”

ஒக்டோபர் 9

அந்தக் காட்சியை வெட்டச் சொல்லி இயக்குநரிடம் கெஞ்சினேன். அதை வெட்டினால் படமே இல்லை என்றார். உண்மைதான். அதைக் கொடுத்தது நான்தானே.

ஒக்டோபர் 17

தீபாவளி. கோவிலில், அன்று படம் பார்க்க வந்த சுசிலா அக்காவும் நாலைந்து பெண்களும் நின்றார்கள். கமலாம்பிகை அக்கா பயத்தில் சிரிப்பவர், அதைத்தான் நான் திருடினேன், கடை எரிந்ததற்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சத்தமாகவே சொன்னேன்.

“ஓம் ஓம்,” என்றார் சுசிலா அக்கா. “நீர் அப்பிடித்தானே சொல்லோணும்.”

டிசம்பர் 6, ஞாயிறு

கடைக் குளிர்சாதனப் பெட்டியின் வயரால்தான் தீப்பிடித்தது என்று இன்சூரன்ஸ்காரர்கள் முடிவு சொல்லிவிட்டார்கள். மோர்டன் கடை இன்று திரும்பத் திறந்தது. துஷாந்தனோடு போனேன். புதுப் பெயின்ட் மணம். அக்கா வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் வடை கொடுத்துக்கொண்டிருந்தார். வந்த பெண்களில் சுசிலா அக்காவும் இருந்தார்.

என்னைக் கண்டதும் அக்காவே முன்னால் வந்தார். முகத்தில் கோபம் இல்லை.

“வாங்கோ ரஜனி. இருங்கோ. நீங்கள் இவ்வளவு தூரம் வந்தது பெரிய சந்தோசம்.”

இத்தனை வருடத்தில் அக்கா என்னை ‘நீங்கள்’ என்றதே இல்லை. துஷாந்தன் அதைக் கவனிக்கவில்லை, வடை நல்லாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஓம் அக்கா,” என்றேன். அவர் காட்டிய கதிரையில், விருந்தாளிகளோடு இருந்தேன்.