பின்கல்லியின் பங்கு

இன்று காலை செம்பூர் மார்க்கெட்டுக்குப் போனபோது ஒரு மில்லில் வற்றல் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். காரம் தெருவரைக்கும் வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே ஐந்தாறு தும்மல் போட்டேன். மில்லுக்காரன் தலையை நீட்டி, "ஆண்ட்டி, பானி?" என்று கேட்டான். தண்ணீர் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். கண்ணீர் வழியத் தும்மிக்கொண்டே ஒருத்தி சிரிப்பதைப் பார்த்து அவன் மிரண்டுபோயிருப்பான். வார்டு ஆபீஸில் நீ தும்மியது ஞாபகத்துக்கு வந்துவிட்டது என்று அவனிடம் எப்படிச் சொல்ல? காய்கறிப் பையை அடுக்களையில் போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தாராவியில் எங்கள் ஏழு மாடிக் கட்டடத்துக்கும் உங்கள் சந்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். எங்களுக்குச் சொசைட்டி உண்டு, பதிவு நம்பர் உண்டு, ரப்பர் ஸ்டாம்ப் உண்டு. அதற்குச் செகரெட்டரி நான். சந்து என்பதை இந்த ஊரில் கல்லி என்பார்கள். உங்கள் கல்லிக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்ததால் பின்கல்லி என்று நாங்களாகவே சொல்லிக்கொண்டோம். அதன் வாசலில் உன் மசாலா மில். மாதம் ஒருமுறை மல்லியும் வற்றலும் கொண்டுவருவேன், அரைத்துத் தருவாய். நீ நாசரேத் பக்கம், நான் அம்பாசமுத்திரம் பக்கம், நீ என்னைவிட இரண்டு மாதம் மூத்தவள். இவ்வளவுதான் ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியும். நான் உனக்குச் செகரெட்டரியம்மா. நீ எனக்கு மில்லுக்கார அக்கா.

பிறகு கொரோனா வந்தது. ரயில் நின்றது, பட்டறைகள் அடைத்தன, ஒரு குடும்பம் பாக்கியில்லாமல் வேலை போனது. அந்த நேரத்தில் மத்திய அரசின் நிவாரணப் பணம் வார்டு ஆபீஸ் வழியாக வந்தது. அரிசி பருப்பு வாங்கவும், பொதுக் கக்கூஸை மருந்து போட்டுக் கழுவவும், கைகழுவத் தொட்டி வைக்கவும் அந்தப் பணம். பதிவு பெற்ற சொசைட்டிகளின் கணக்கில்தான் போடுவார்கள் என்றார்கள். எங்கள் கணக்கிலும் விழுந்தது. நான் பார்த்துப் பெருமைப்பட்டேன். அதை உன்னிடம் ஒருநாளும் மறைத்ததில்லை, இப்போதும் மறைக்கவில்லை.

மறுநாள் காலை நீ எங்கள் கேட்டுக்கு வந்தாய். வெளியாள் உள்ளே வரக்கூடாது என்று வாட்ச்மேன் தடுத்தான். நீ திரும்பிப் போகவில்லை. ரோட்டிலேயே நின்று, மூன்றாவது மாடியிலிருந்த என் ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டாய். மில் ஓடும்போதே பேசிப் பழகிய தொண்டை அது. கட்டடம் முழுக்க எட்டிப் பார்த்தது.

"செகரெட்டரியம்மா! வந்திருக்க காசு எத்தன வீட்டுக்கு?"

"எங்க சொசைட்டிக்கு வந்ததுக்கா. ரிஜிஸ்டர் பண்ணினவங்களுக்குத்தான் குடுக்காங்க. நான் என்ன செய்ய?"

"நோய் வரும்போது ரிஜிஸ்டர் நம்பர் கேட்டுட்டா வந்துச்சு?"

ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய சத்தம் எனக்கே நன்றாக இல்லை. பீரோவைத் திறந்து வார்டு ஆபீஸ் கடிதத்தை எடுத்து முதல்முறையாக முழுதாகப் படித்தேன். எங்கள் கட்டடத்தில் அறுபத்துமூன்று வீடு. கடிதத்தில் நூற்றுப்பத்து வீடு என்று இருந்தது. மறுபடி எண்ணிப் பார்க்கவே வேண்டியதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த உங்கள் தலைகளையும் எண்ணித்தான் பணத்தை அனுப்பியிருந்தார்கள். எண்ணும்போது நீங்கள் இருந்தீர்கள். கொடுக்கும்போது இல்லை.

சேர்மன் அண்ணாச்சியிடம் கடிதத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மேல இருந்து வந்த கணக்கும்மா. நாமளா தப்பா எழுதுனோம்? லிஃப்ட் நாலு மாசமா ஓடல. ரிப்பேர் பண்ணிருவோம்" என்றார். லிஃப்ட் ஓடாதது உண்மைதான். என் முழங்காலுக்கும் அது தெரியும். ஆனாலும் அன்று சாயங்காலம் கேட்டுக்கு வந்து உன்னிடம் அந்தக் கடிதத்தைக் கொடுத்தேன். நீ திட்டுவாய் என்று நினைத்தேன். நீ மாஸ்க்குக்கு மேலே கண்ணால் சிரித்தாய்.

"படிச்சிட்டு வந்து சொல்லுதேல்லா, அது போதும் எனக்கு. நாளைக்கு வார்டு ஆபீஸுக்குப் போவம்ட்டி."

செகரெட்டரியம்மா போய் 'ட்டி' வந்தது அன்றைக்குத்தான்.

காலையில் இரண்டு மணி நேரம் மில் ஓட்ட உனக்கு அனுமதி இருந்தது. வற்றல் அரைத்த கையோடு, அரைத்த சேலையோடு நேராக ஆபீஸுக்கு வந்துவிட்டாய். வாசலில் பெரிய வரிசை. சாக்பீஸ் வட்டத்துக்குள் ஆளுக்கு ஒருவராக நின்றோம். நம் முறை வர மத்தியானம் ஆகிவிடும் போலிருந்தது. நீ சேலையை உதறிச் சரி செய்தாய். அவ்வளவுதான். முதலில் நீ தும்மினாய், பிறகு நான், பிறகு நமக்கு முன்னால் நின்ற தாடிக்காரர். 'தும்மினால் கொரோனா' என்று இருந்த காலம்! வரிசை இரண்டு பக்கமும் தெறித்து ஓடியது. "மிர்ச்சி ஹை பாய், கொரோனா நஹி! மிர்ச்சி, மிர்ச்சி!" என்று, மிளகாய்தான் என்று, நீ கத்தக் கத்த அவர்கள் இன்னும் தூரமாக ஓடினார்கள். இரண்டு நிமிஷத்தில் நாம் கவுண்ட்டருக்கு முன்னால் தனியாக நின்றோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மராத்திக்கார மேடமும் தும்மிக்கொண்டிருந்தார்.

அந்த மேடம் நல்லவர். சட்டம்தான் குறுக்கே நின்றது. "சொசைட்டி நஹி, தோ பைசா கிஸ்கே நாம் பே?" என்று கேட்டார். சொசைட்டி இல்லாத இடத்தில் பணத்தை யார் பெயரில் போடுவது என்று. "மேரா நாம் லிக்கோ" என்றாய், உன் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லி. அவர் சிரித்துவிட்டார். பேசிப் பேசி ஒரு வழி கிடைத்தது. எங்கள் சொசைட்டி மீட்டிங் போட்டு, பின்கல்லிக்கும் சேர்த்துச் செலவு செய்கிறோம், அதற்குப் பொறுப்பும் ஏற்கிறோம் என்று தீர்மானம் எழுதிக் கொடுத்தால் அவர் ஒப்புக்கொள்வார். ஆக, முடிவு எங்கள் கட்டடத்துக்காரர்கள் கையில் வந்து விழுந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் நான்தான் பயந்தேன். நீ பஜனைக்குப் போகிறவள் மாதிரி நடந்தாய்.

அப்படி ஒரு மீட்டிங்கை இனி நான் பார்க்கப்போவதில்லை. கூட்டம் கூடக்கூடாது என்பதால் அவரவர் மாடிப்படியில் அவரவர் நின்றார்கள். நான் தரைத்தளத்தில் நின்று தீர்மானத்தைப் படித்தேன். ஏழு மாடியிலிருந்தும் சத்தம் வந்தது. லிஃப்ட் என்றார்கள். நாளைக்கு நமக்கே இல்லாமல் போனால் என்றார்கள். அவர்களுக்கெல்லாம் இங்கே குடியிருப்பதற்கு ரசீது உண்டா என்றார்கள். சேர்மன் அண்ணாச்சி இரண்டாவது மாடியிலிருந்து, "தர்மம் செய்யலாம்மா, ஆனா அடுத்தவங்களுக்கு நாம எதுக்குக் கையெழுத்துப் போடணும்?" என்றார். நிறையத் தலைகள் ஆடின.

நீ கேட்டுக்கு வெளியே நின்றாய். வாதாடுவாய் என்று பார்த்தேன். நீ ஒரு நோட்டைப் பிரித்துப் பெயர் வாசிக்க ஆரம்பித்தாய். முனிசிபாலிட்டி ஹிந்தி ஸ்கூலில் படித்தவள் நீ. நம் தமிழ்ப் பெயர்களை ஹிந்தி எழுத்தில் எழுதி வைத்திருந்தாய், ஒரு வீடு விடாமல், பிள்ளைகள் உட்பட. ஓர் ஐந்தாறு பெயர் போயிருக்கும். பிறகு நான்காவது மாடியிலிருந்து ஒரு பெண் குரல், "எந்த பார்வதி? நம்ம வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வர்ற பார்வதியா?" என்றது. "அவதான். மூணு பிள்ளைங்க" என்று சொல்லிவிட்டு நீ அடுத்த பெயருக்குப் போனாய். ஆறாவது மாடியில் ஒருவர், "ஏய், அவன் குர்லா பட்டறையில என்கூட வேலை பாத்தவன்லா!" என்றார். ஒரு பெயரைக் கேட்டதும் மேல் மாடியில் ஒருவர் அழுதார், அது அவருடைய சித்தப்பா மகன், பேச்சுவார்த்தை இல்லாத குடும்பம். பேர் வாசிப்பு முடிவதற்குள் மாடிப்படி முழுக்க ஒரே பேச்சு. கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

ஓட்டு எடுத்தோம். ஒத்துக்கொள்கிறவர்கள் கம்பிக்கு வெளியே கையை நீட்ட வேண்டும். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒவ்வொரு மாடியிலும் கைகள். வளையல் போட்டவை, மாவு ஒட்டியவை, கையுறை மாட்டியவை. எண்ணிக்கொண்டே வந்தவள் இரண்டாவது மாடியில் நின்றுவிட்டேன். சேர்மன் அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் கை கம்பியைத் தாண்டி நீண்டிருந்தது. நீ வெளியே கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவே கேட்கச் சிரித்தாய், பிறகு விசில் அடித்தாய். ஐம்பது வயதில் விசில் அடித்த பெண்ணை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஜெயித்ததும் நாம் சண்டை போட்டோமே, அது இன்னும் அருமை. வீட்டுக்கு ஒரு மூட்டை என்று சமமாகப் பிரிப்பது நியாயம் என்றேன் நான். "ஒம்போது பேரு இருக்க வீட்டுக்கும் ரெண்டு பேரு இருக்க வீட்டுக்கும் ஒரே மூட்டையா? தட்ட எண்ணுட்டி" என்றாய். ஒரு வாரம் வீடு வீடாக வாசலில் நின்று தட்டுகளை எண்ணினோம். உன் வீட்டை மட்டும் விட்டுவிடச் சொன்னாய்; மில்லில் அரிசி கிடக்கிறதாம். சேர்மன் அண்ணாச்சி வீட்டை நான் விட்டுவிடப் பார்த்தேன். கோபம்தான், வேறென்ன. நீ விடவில்லை.

"அவியளும் சாப்பிடத்தான செய்வாங்க? கதவத் தட்டு."

தட்டினேன். வெளிநாட்டில் இருந்த அவர் மகன் வேலை போய் மூன்று மாதமாகப் பணம் அனுப்பவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. மூட்டையை வாங்கும்போது அண்ணாச்சி உன் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் மறுநாள் காலை, பின்கல்லிக் கக்கூஸ் கழுவ ஆள் வராத அன்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மருந்து டப்பாவோடு வந்து நின்றது அவர்தான்.

அந்த அலை ஓய்ந்த பிறகு உங்கள் கல்லியையும் பதிவு செய்யக் கிளம்பினோம். என்ன பெயர் வைப்பது என்று மாதாவுக்கும் முருகனுக்கும் தலைவர்களுக்கும் பெரிய போட்டி. நீ பொறுமை இழந்து, "இருக்கிற பேர எழுதுங்கய்யா" என்றாய். ஆபீஸில் அந்த மேடத்துக்கு 'பின்' என்ற தமிழ்ச் சொல் என்னவென்று தெரியாது. பின்கல்லி ரஹிவாசி சங் என்று அப்படியே எழுதி முத்திரை குத்திவிட்டார். நாங்கள் இளக்காரமாகக் கூப்பிட்ட பெயர், குடியிருப்போர் சங்கமாகி, இன்று மூன்று மொழியில் போர்டில் இருக்கிறது. இப்போது அரசாங்கத்திலிருந்து எது வந்தாலும் அந்தப் பெயருக்குத் தனிக் கடிதம் வருகிறது. போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில் நீ தூக்கத்திலேயே போனபோது, கட்டடமும் கல்லியும் ஒன்றாகத்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம். எந்தப் பக்கத்து ஆள் எவர் என்று வெளியாளுக்குத் தெரிந்திருக்காது. அன்று அழுதேன். அதற்கப்புறம் உன்னை நினைத்தால் பெரும்பாலும் சிரிப்புத்தான் வருகிறது. நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்.

நான் இப்போது செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். இங்கேயும் சொசைட்டி உண்டு, நான் செகரெட்டரி இல்லை, அதில் மகனுக்கு நிம்மதி. போன மாதம் குடியிருப்போருக்கு இலவசக் கண் பரிசோதனை என்று மீட்டிங்கில் பேசினார்கள். கடைசி வரிசையில் இருந்த நான் எழுந்து, "வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வர்றவங்க, காரு கழுவற பசங்க, இவங்க பேரெல்லாம் எங்கே?" என்று கேட்டேன். "ஆண்ட்டி, அவங்க ரெசிடெண்ட்ஸ் இல்லையே" என்றார் சேர்மன். "பகல் பூரா இங்கதான இருக்காங்க?" என்றேன். மகன் கையால் முகத்தை மூடிக்கொண்டான். நான் உட்காரவில்லை. என் தொண்டை இவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. கடைசியில் எல்லோர் பெயரையும் சேர்த்தார்கள்.

நேற்று எங்கள் வாட்ச்மேன் பாண்டேக்குப் புதுக் கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு கேட்டையும் மரத்தையும் பார்த்தார், பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "அரே ஆண்ட்டி! நான் உங்களுக்கு இவ்வளவு வயசுன்னு நினைக்கவே இல்லையே!" என்றார் ஹிந்தியில். கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வீட்டில் யாரும் அப்படிச் சத்தமாகச் சிரிப்பதில்லை. அந்தச் சிரிப்பு உன்னிடமிருந்து எனக்கு வந்தது, நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.