புது வாளியில் கழுவிய குழாய்கள்

12.3.1981, இரவு 8.40. மாதிரிகள் ஆறு. ஆறும் பிழை.

காளையின் விந்துநீரில் உள்ள புரதங்கள் துத்தநாகத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துக் காளையின் மாதிரிகளில் பிடிபடாத துத்தநாகமே மிகுதி. சினைப்படுத்த உதவாத காளை என்று நேற்று அறிக்கை எழுதினேன்.

மாட்டுப்பட்டியைப் பார்க்கும் சூசை அண்ணன், "இதுக்கு விட்ட பசுவெல்லாம் சினையாகுதுங்க ஐயா, இன்னொருக்கா பாருங்க" என்றார்.

"படிச்சது நீங்களா, நானா?" என்றேன்.

இன்று காலையில் காளையை லொறியில் ஏற்றி, கினிகத்தேனை இறைச்சிக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மாலையில்தான் கழுவிய சோதனைக் குழாயில் வெறும் தண்ணீரை ஊற்றிச் சோதித்தேன். அதிலும் துத்தநாகம். கழுவும் வாளியின் பூச்சே அதுதான். பழைய வாளி அழுக்கு என்று நான் கத்தியதால் சூசை அண்ணன் தேடி வாங்கி வந்த புது வாளி.

நாளை:
1. அறிக்கை பிழை என்று தோட்டத்துத் துரையிடம் எழுதிக் கொடுப்பது.
2. சூசை அண்ணனிடம் மன்னிப்புக் கேட்பது.
3. வாளியைப் பற்றி அவரிடம் வாய் திறக்காமல் இருப்பது.