படியிலேயே திரும்பிப் போன திருவிருந்து

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் சுகத்தைத் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். எனக்கு நீ அனுப்புவது மாத்திரை போட்டீங்களா என்கிற ஒரே வரி, மூன்று வருடமாக அதே வரி. அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு அருகதை இல்லை என்பதால் நானும் எழுதாமல் இருந்தேன். இப்போது ஒரு விஷயம் உன்னிடம் கேட்டே ஆகவேண்டும்.

நான் மறுபடியும் சபைக்குப் போகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், பெரியம்மா சிரித்தாயிற்று. உன் அம்மாவுக்கு அக்காவாகப் பிறந்ததே இந்த நாளுக்காகத்தான் என்பதுபோல முன் வரிசையிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, வெளியே வந்ததும் நாலு பேர் காதில் விழும்படி, ஆறு வருஷம் ஊர் மேஞ்சிட்டு வந்திருக்காரு, நல்லா ஜெபம் பண்ணிக்கோங்க என்றார். போதகர் அதற்கும் மேல். பிரசங்கத்துக்கு நடுவில், ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிட்டவருக்கு ஆண்டவர் இப்பத்தான் கண்ணைத் திறந்திருக்காரு என்று ஒரு போடு போட, சபையே சிரித்தது. மனுஷன் நல்லவர், ஆனால் நாலு பேர் சிரிப்பார்கள் என்றால் பெற்ற தாயைக்கூடப் பிரசங்கத்தில் இழுத்துவிடுவார். அவர்களைச் சொல்லி என்ன பயன், அந்தச் சபையில் என்னைவிடக் கேவலமானவன் யாரும் இல்லை. டயர் கடைக்கு மேல்மாடியில் பாய் விரித்து நாற்பது பேரைப் படுக்கவைத்து மூச்சு விடக் கற்றுக்கொடுத்தாரே மூச்சு மாஸ்டர், சரியாக மூச்சு விட்டால் எந்த நோயும் ஓடிவிடும், கண்பார்வைகூடத் திரும்பும், கண்ணாடியைத் தூக்கி எறியலாம் என்பார். வாயைப் பிளந்து கேட்டவர்களில் முதல் ஆள் நான். அந்த ஆளின் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுத்ததும் நான்தான். வருடா வருடம் பவர் ஏறிக்கொண்டே போயிற்று. நம் கண்ணாடிக் கடையில் தேய்ப்பேன், அந்த மாடியில் போய் நம்புவேன். வகுப்பு நடக்கும்போது கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு பாயில் தடுக்கி விழுவார், அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கண் பரிசோதனை அட்டையில் கடைசி வரி எழுத்தை யாராவது ஊகித்துப் படித்தால் உடனே கண்டுபிடித்துவிடுகிறவன் நான், அந்தப் புத்தி எந்த மூலையில் போய்ப் படுத்துக்கொண்டதோ தெரியவில்லை.

அந்த அறிவுகெட்டவன்தான் உன் அம்மாவின் கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்தவன். அவள் திருவிருந்து வேண்டும் என்று கேட்டாள். போதகர் அப்பமும் திராட்சரசத்துக்குச் சின்னக் கிண்ணமும் வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு இரண்டு மாடி ஏறி வந்தார். சாவை நினைவுபடுத்துகிற எதுவும் நோயாளிக்கு ஆகாது, மூச்சு கலைந்துவிடும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டு படியில் நின்று, அவ தூங்குறா என்று சொல்லி அவரை அப்படியே திருப்பி அனுப்பினேன். உள்ளே போய் அவளிடம், போதகர் வெளியூர் போயிருக்கார் என்றேன். சரிங்க, வந்ததும் கூப்பிடுங்க என்றாள். மூன்றாம் நாள் போய்விட்டாள். அடக்கத்தன்று போதகர் வாயால் நீ இதைத் தெரிந்துகொண்டாய், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் விமானம் ஏறினாய். நீ செய்தது சரி. அதற்குப் பிறகும் எட்டு மாதம் நான் அந்த மாடிக்குப் போனேன் என்றால் என் லட்சணத்தைப் பார்த்துக்கொள். ஒரு நாள் புதிதாக வந்தவர்களிடம் மாஸ்டர் என்னைக் காட்டி, இவர் சம்சாரம் நம்பிக்கையா மூச்சு விடல, அதான் உசுரு நிக்கல என்றார். அன்றைக்கு எழுந்து வந்தவன்தான். மறுநாள் லென்ஸ் தேய்த்துக்கொண்டே ஆண்டவரைத் திட்ட ஆரம்பித்தேன், இரண்டு வருடம் திட்டினேன். இல்லாத ஒருவரை யாரும் இவ்வளவு நாள் திட்டமாட்டார்கள் என்று ஒரு நாள் பட்டது. என் மனந்திரும்புதல் அவ்வளவுதான், பெரியம்மா எதிர்பார்க்கிற மாதிரி வெளிச்சமும் இல்லை, குரலும் இல்லை. ஆனால் நிஜம், பாப்பா. இப்போதெல்லாம் ஜெபிக்காமல் கடையைத் திறக்க முடிவதில்லை.

போன மாதத் திருவிருந்தில் நானும் போய் முழங்கால் போட்டேன். கிண்ணம் எனக்கு முன்னால் வந்தது, கை எழவில்லை, எழுந்து வந்துவிட்டேன். ஆண்டவர் எப்பவோ மன்னிச்சிட்டாரு, நீங்க ஏன் தயங்குறீங்க என்று போதகர் தோளைத் தட்டினார். மன்னித்திருக்கலாம். ஆனால் அன்றைக்குப் படுக்கையில் கிடந்து கேட்டது உன் அம்மா. அவளிடம் இனிக் கேட்க வழியில்லை, அவளுக்காக என்மேல் கோபமாக இருப்பவள் நீ ஒருத்திதான்.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் குழந்தையையும் கண்மணிபோலக் காப்பாராக. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது அடிக்கடி கண்ணைச் சிமிட்டு. வருகிற மாதம் முதல் ஞாயிறு மறுபடியும் திருவிருந்து. நான் அதை வாங்கலாமா என்று நீ சொல். கூடாது என்றால் பின் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன், சபைக்குப் போவதை மட்டும் விடமாட்டேன். தம்பியிடம் சொல்லி அனுப்பாதே, இரக்கப்பட்டுச் சரி என்றும் சொல்லாதே. அவளிடம் நான் பொய் சொன்னேன், உன் வாயிலிருந்தாவது உண்மையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா