தேதி இடாத ராஜினாமா

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நல்ல சுகம், என் முழங்கால் வலியும் அம்மாவின் காலைத் தும்மலும் வழக்கம்போல் அதது இடத்தில் இருக்கின்றன. அங்கே நீயும் நல்ல சுகம் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய், நானும் புதன்கிழமை வரைக்கும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். போனில் பேசாமல் இது என்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் பக்கத்தில் அம்மா நிற்பாள், நீ சிரிப்பாய், நானும் சிரித்துத் தொலைப்பேன், பேச வந்த விஷயம் அப்படியே நின்றுவிடும். கம்ப்யூட்டரில் எழுதலாமென்றால் அதில் எழுதியது அழித்தது எல்லாம் சாட்சி சொல்கிறது. அதனால்தான் பேனாவும் தாளும். முப்பத்தொரு வருஷமாகப் பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவனின் கையெழுத்து எந்த லட்சணத்தில் இருக்கும் என்று உனக்குத் தெரியும், பொறுத்துப் படி.

நீ அங்கே வாத்தியார் வேலைக்குக் கிளம்பும்போது நம் மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் திறந்து வைத்தாயே, "மூணு பேரும் பாக்கலாம், மூணு பேரும் திருத்தலாம்ப்பா" என்று எனக்கு இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தாயே, புதன்கிழமை தண்ணீர் மோட்டார் ரிப்பேர்காரரின் புது நம்பரைக் குறித்துவைக்க அதைத் திறந்தேன். மேலேயே தலைப்பில்லாமல் ஒரு பக்கம் இருந்தது. உன் தலைமையாசிரியருக்கு எழுதிய விண்ணப்பம். லீவு லெட்டர் என்றுதான் நினைத்தேன். 'மாணவர்களை கட்டுப்படுத்த' என்று இருந்தது, க் போட்டேன். 'விடுவிக்க கேட்டுக்கொள்கிறேன்' என்று இருந்தது, அங்கேயும் ஒரு க் போட்டேன். 'எனக்கு இயலவில்லை' என்பதை 'என்னால் இயலவில்லை' என்று மாற்றினேன். கை முதலில் திருத்திவிட்டது பாப்பா, என்ன படித்தேன் என்பது அப்புறம்தான் எனக்கே உறைத்தது. இந்தப் பருவத்தோடு வேலையை விடுகிறேன் என்று நீ எழுதியிருக்கிறாய். உனக்கு மட்டும் வைத்துக்கொள்ள நினைத்ததை அவசரத்தில் வீட்டு ஃபோல்டரில் போட்டுவிட்டாய் போலிருக்கிறது. மோட்டார்காரரின் நம்பரைக் குறிக்காமலே எழுந்துவிட்டேன், இன்றைக்கும் குறிக்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். வகுப்பு முழுவதும் சேர்ந்து எழுதட்டும் என்று நாற்பத்தாறு பிள்ளைகளுக்கும் ஒரே பக்கத்தின் லிங்கைக் கொடுத்தாய், ஒருவன் எழுதியதை ஒருத்தி அழித்தாள், ஒரு மகானுபாவன் தலைமையாசிரியரின் பட்டப்பெயரைக் கொட்டை எழுத்தில் 'தக்காளி' என்று போட்டான், அந்தத் தக்காளி உனக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார், பிறகு ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் உனக்கு அர்ச்சனை நடந்தது. இதையெல்லாம் நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாய், நாங்களும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நீ அழுதிருக்கிறாய் என்பது விண்ணப்பத்தைப் படித்த பிறகுதான் தெரிகிறது. சிரித்ததற்கு மன்னித்துக்கொள்.

சரி, உன்னிடம் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இதே கூத்து இரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே எங்கள் பள்ளிக்கூடத்தில் உன் அம்மாவின் கணக்கு வகுப்பிலும் நடந்தது, நீ அப்போது பயிற்சிக் கல்லூரி விடுதியில் இருந்தாய். முப்பத்தாறு பிள்ளைகள், ஒரே பக்கம், திரை பெரிதாகத் தெரியப் புரொஜெக்டர் வேறு. எவனோ ஒரு எழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டான், பக்கம் பக்கமாக 'ககககக' என்று ஓடியது. பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டு வந்த தலைமையாசிரியை வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள், "எனக்கு சாக்பீஸ் போதும், இந்த வயசுல இந்தச் சவடால் தேவையா" என்றாள். நானும் எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்ட மாதிரி, ஆமாம் தேவையில்லைதான் என்றேன். ஒரு அரைமணி நேரம் கழித்து லேப்டாப்பை எடுத்தாள். அந்தப் பக்கத்தின் ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கிறதே, யார் எந்த நிமிஷம் எதை எழுதினார்கள், எதை அழித்தார்கள் என்று காட்டுவது, அதைத் திறந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போனாள். அந்த ககககக காட்டுக்குள்ளே ஒரு பெண் கணக்கின் விடையை எழுதியிருக்கிறாள், அதை யாரோ அழித்திருக்கிறார்கள், மறுபடி எழுதியிருக்கிறாள், மறுபடி போயிருக்கிறது, நாலாவது தடவை தன் தப்பைத் தானே கண்டுபிடித்துச் சரியான விடையைப் போட்டிருக்கிறாள். வகுப்பில் வாயே திறக்காத பெண். "நான் போதும்னு எழுந்து வந்துட்டேன், இவ நாலு தடவை எழுதியிருக்கா பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அப்புறம்தான் செருப்பைக் கழற்றினாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததையெல்லாம் நான் அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இவளோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் இவளுக்குள் இவ்வளவு சாமர்த்தியம் இருப்பது தெரியாமல் போயிற்றே என்று வியந்து போகிறேன். நேரில் சொல்லமாட்டேன், சொன்னால் துணி மடிக்கிற வேலையும் என் தலையில் வந்துவிடும். முதல் காரியமாக ஒரே பக்கத்தை ஒழித்தாள். நாலு பேருக்கு ஒரு பக்கம், அதற்குள் ஆளுக்கொரு கட்டம், கட்டத்தின் தலையில் அவரவர் பெயர், அடுத்தவர் கட்டத்தில் கை வைக்கக்கூடாது, கருத்து இருந்தால் ஓரத்தில் கமெண்டாகப் போடலாம். கம்ப்யூட்டர் அறையில் உயிரோடு இருப்பவை ஒன்பது, ஒவ்வொன்றுக்கும் முன்னால் நாலு பேர். விசைப்பலகை யார் கையில் இருக்கிறதோ அவர் தட்டச்சு மட்டும்தான் செய்யலாம், சொல்வது மற்ற மூன்று பேர், வாரத்துக்கொரு தடவை ஆள் மாறும். அதாவது வாரத்துக்கு ஒன்பது பிள்ளைகள் என்னை மாதிரி எழுத்தர் உத்தியோகம் பார்க்கிறார்கள். வீட்டில் போன் இருக்கிற பிள்ளை மட்டும் முந்திக்கொண்டு ஓடுகிற வேலையே இதில் இல்லை. முதல் நாள் ஹிஸ்டரியைப் பிள்ளைகளுக்கே திரையில் போட்டுக் காட்டினாள். "யாரையும் பிடிக்கிறதுக்கு இல்ல, யார் எழுதினது காணாமப் போச்சோ அவங்ககிட்ட திருப்பிக் கொடுக்கறதுக்கு" என்றாளாம். அன்றோடு ககககக நின்றது. ஓரத்தில் அவள் எழுதுவதையும் நான் பார்த்திருக்கிறேன், தப்பு என்று ஒரு இடத்தில்கூட எழுதமாட்டாள், 'இது எப்படி வந்துச்சு?' என்று மட்டும் கேட்பாள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பக்கங்களைப் பூட்டிவிடுவாள், அதற்கப்புறம் படிக்கலாம், எழுத முடியாது. பிள்ளைகளுக்கும் வீடு இருக்கிறது, எனக்கும் வீடு இருக்கிறது என்பாள். நீ இதைக் கட்டாயம் செய், இல்லாவிட்டால் சாப்பிடும்போதும் அதையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

ஒரு தடவை சராசரி பாடம் நடத்தினாள். பிள்ளைகள் எல்லாரும் ஒரே நாள் மாலை ஐந்து மணிமுதல் ஐந்தேகால்வரை அவரவர் வீட்டு வாசலில் நின்று எத்தனை வண்டி போகிறது என்று எண்ணி, மறுநாள் பொதுவான ஒரு அட்டவணையில் போடவேண்டும். அன்றைக்கு நான் ஏதோ கையெழுத்து வாங்க அந்த அறைக்குப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். ஒவ்வொருவரும் எண்ணைப் போடப் போடத் திரையில் சராசரி ஏறி இறங்குகிறது, பிள்ளைகள் பந்தயம் பார்ப்பதுபோல் கத்துகிறார்கள். ஒரு பெண் மட்டும் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். அவள் வீடு இருக்கும் சந்தில் வண்டியே நுழையாதாம், எழுத வெட்கம். அம்மா ஒன்றும் அதட்டவில்லை. மற்ற முப்பத்தைந்து பேரின் சராசரி என்ன என்று கேட்டாள், இருபத்திரண்டு என்று கத்தினார்கள். இப்போது நீ எண்ணியதைப் போடு என்றாள். அந்தப் பெண் பூஜ்ஜியம் போட்டதும் மொத்த வகுப்பின் சராசரியும் இருபத்தொன்று சொச்சத்துக்கு இறங்கியது. "காலியா விட்டா நீ இந்தக் கணக்குலயே இல்ல. பூஜ்ஜியம் போட்டே, எல்லாருடைய விடையும் மாறிப்போச்சு பாத்தியா" என்றாள் அம்மா. அந்தப் பெண் முகத்தைப் பார்க்கவேண்டுமே. எதற்கு வந்தேன் என்பதே மறந்து கையெழுத்து வாங்காமல் திரும்பிவிட்டேன்.

பிள்ளைகளை விடு, பெரியவர்களையே வழிக்குக் கொண்டுவந்தாளே, அதுதான் பெரிய விஷயம். முன்பெல்லாம் கேள்வித்தாள் என்னிடம் எப்படி வரும் தெரியுமா, 'கடைசி', 'கடைசி புதுசு', 'இதுதான் கடைசி' என்று ஒரே பாடத்துக்கு மூன்று ஃபைல், நான் எதை அச்சடித்தாலும் அது தப்பாகத்தான் இருக்கும். இப்போது ஒரே பக்கம், ஆசிரியர்கள் எல்லாரும் அதிலேயே திருத்துகிறார்கள், நான் ஒரு தடவை அச்சடிக்கிறேன். பரீட்சைத் தேதிக்கும் ஒரு பொது அட்டவணை, ஒரே நாளில் மூன்று பரீட்சை வைத்துப் பிள்ளைகளை வறுத்தெடுப்பது நின்றுபோயிற்று. ஓவிய ஆசிரியர் மட்டும் இன்னும் காகிதத்தில் எழுதி அதைப் போட்டோ பிடித்துப் போடுகிறார், போகட்டும், அவரும் உள்ளே வந்துவிட்டார். அன்றைக்கு வாசலோடு திரும்பிப்போன தலைமையாசிரியை இப்போது அம்மாவின் நாலு பேர் பக்கத்தைக் காட்டத்தான் பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார்.

இதை எல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நீ போனில் போகிற போக்கில் ஒன்று சொன்னாய், அந்த அமளிக்கு நடுவே யாரோ ஒரு பிள்ளை 'மிஸ், நாளைக்கும் இதைத் திறப்பீங்களா' என்று எழுதியிருந்தது என்று. யார் என்று கேட்டேன், பார்க்கவில்லை என்றாய். நீ அந்தப் பக்கத்தை வெறுத்து மூடிவிட்டாய், ஆனால் அது அழியவில்லை, ஹிஸ்டரியைத் திறந்தால் அந்தக் கேள்வி இருக்கும், பள்ளிக்கூட அக்கவுண்ட்டில் நுழைந்து எழுதியிருந்தால் பெயரும் இருக்கும். விண்ணப்பத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அந்த ஒரு பெயரைப் பார்த்துவிடு, அவ்வளவுதான் நான் கேட்பது.

இனி சொல்லவேண்டியது ஒன்று பாக்கி. உன் விண்ணப்பத்தில் நான் கை வைத்தது அம்மாவுக்குத் தெரியக்கூடாதே என்று வியாழக்கிழமை அந்தப் பக்கத்தின் ஹிஸ்டரியைத் திறந்தேன், என் திருத்தத்தை மறைக்க வழி உண்டா என்று பார்க்க. எனக்கு முன்னால் அம்மா வந்து போயிருக்கிறாள் பாப்பா. செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்று நாற்பது, அவளுக்கு வகுப்பில்லாத நேரம். உன் பெயருக்குக் கீழே 'வீட்டுக்கு வந்துடு கண்ணு, அம்மா இருக்கேன்' என்று எழுதியிருக்கிறாள். அழித்திருக்கிறாள். 'அவசரப்படாதே' என்று எழுதியிருக்கிறாள். அதையும் அழித்திருக்கிறாள். அப்புறம் நாலு நிமிஷம் கழித்து வெறுமனே 'கண்ணு' என்று மட்டும். அதையும் அழித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போயிருக்கிறாள். பிள்ளைகளிடம் எதையும் அழிக்காதீர்கள், இருக்கட்டும் என்று சொல்கிறவள் அவள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஈரத் துண்டை நாற்காலியில் போட்டதற்காக வழக்கம்போல என்னைத் திட்டினாள், ஒன்றுமே காட்டிக்கொள்ளவில்லை. நானும் இதுவரை வாயைத் திறக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒன்றும் தெரியாத மாதிரி நடமாடிக்கொண்டிருக்கிறோம்.

உன் விண்ணப்பத்தில் இப்போது பிழை ஒன்றும் இல்லை. தேதிக்கான இடத்தை நீ காலியாக விட்டிருந்தாய், நான் அதைத் தொடவில்லை, அது உன் வேலை. கொடுப்பதாக முடிவு செய்தால் தேதியைப் போட்டு நிமிர்ந்து கொடுத்துவிட்டு வா, ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்பேன், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். கொடுப்பதில்லை என்றால் திங்கட்கிழமை நாலு பேருக்கு ஒரு பக்கம் திற, தக்காளி பின்னால் நின்றாலும் நிற்கட்டும். எப்படியானாலும் நீ எங்கள் பெண், அதில் திருத்த ஒன்றுமில்லை. வேளைக்குச் சாப்பிடு, தொண்டையைக் கவனித்துக்கொள், வாத்தியாருக்குத் தொண்டைதான் முதல். நீ தீர்க்காயுசாக, மனநிறைவோடு இருக்கவேண்டும் என்று அப்பாவின் ஆசீர்வாதம். இதை இன்றைக்கே கூரியரில் போடுகிறேன்.

இதற்கு மேலே ஒரு வரியை அடித்திருப்பது உனக்குத் தெரியும், காகிதத்தில் அது ஒரு தொல்லை. அந்தப் பக்கத்தை எங்கள் கண்ணில் படாதபடி மறக்காமல் மாற்றிவிடு என்று எழுதியிருந்தேன். வேண்டாம், மாற்றாதே. அம்மா மறுபடி எழுத வரலாம்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா