உன் கட்சிக்கு ஓர் ஆள் வந்திருக்கிறார், சுகுணா

என் அருமைச் சண்டைக்காரி சுகுணாவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் எட்டு மணி சீரியல் தெரிகிறதோ என்னவோ. தெரியாது என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன். நீ விட்டுப்போன இடத்திலிருந்து கதை ரொம்ப தூரம் நகரவில்லை, கவலைப்படாதே. மூத்த மருமகள் இன்னும் அதே மாடிப்படியில் நின்று முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

முதலில் வீட்டுச் சேதி. உன் மகன் கார்த்திக் புனேயிலிருந்து வந்து, அப்பாவைத் தன்னோடு அழைத்துப்போக டிக்கெட் எடுத்துவிட்டான். மயூர் விஹார் ஃபிளாட்டை வாடகைக்கு விட புரோக்கரிடம் சொல்லியாயிற்று. உன் வீட்டுக்காரர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் போக மனசில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நான் எப்படி மூக்கை நுழைப்பது?

டில்லிக் குளிர் வந்துவிட்டது. நம் குடியிருப்பின் புல்வெளியில் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பட்டாணி உரித்தபடி, முந்தின நாள் எபிசோடை அலசுகிறோம். போன வருஷம் நாம் போட்ட கூச்சலில் எதிர் பிளாக் பஞ்சாபி அம்மா ஓடிவந்து, யார் வீட்டில் சண்டை என்று ஹிந்தியில் பதறினாளே! டிவியில் என்றதும் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

இப்போது சபை சப்பென்று இருக்கிறது. ஊரே திட்டுகிற ஆளுக்கு வக்காலத்து வாங்க நீ இருந்தாய். மாமியாரின் பாலில் விஷம் கலந்தவளைக்கூட விடமாட்டாய். "அவ பக்கமும் ஒரு நியாயம் இருக்குக்கா" என்பாய். "உனக்கு மூளை கெட்டுப்போச்சாடி?" என்று நான் சீறுவேன். அந்தச் சண்டை இல்லாமல் சீரியலில் என்ன ருசி இருக்கிறது?

போன வாரம் கதையில் பெரியவரின் மனைவி இறந்துபோனாள். காரியம் முடிந்ததும் மகன் வந்து அவரைக் காரில் ஏற்றுகிறான். அவரும் வாயே திறக்காமல் ஏறிப் போகிறார். நம் வீட்டு விஷயம் அந்தக் கதாசிரியருக்கு எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ! வாட்ஸாப் குழுவில் ஒரே பாராட்டு மழை. "தங்கமான பிள்ளை" என்றாள் ஒருத்தி. "பெரியவங்கன்னா இப்படித்தான் அனுசரிச்சுப் போகணும்" என்றாள் இன்னொருத்தி.

அப்போது உன் பெயரில் ஒரு செய்தி வந்தது.

"அவருக்குப் போக இஷ்டமான்னு யாராவது கேட்டீங்களா?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். நீலச் சேலையில் நீ சிரிக்கிற அந்தப் படம், பக்கத்தில் இந்த வரி. அப்புறம்தான் உறைத்தது, உன் போன் உன் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. நீ போனதிலிருந்து தினமும் சீரியலைப் பார்த்துவிட்டு, நாங்கள் எழுதுவதையெல்லாம் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். "சத்தத்தைக் குறை" என்பதைத் தவிர சீரியலைப் பற்றி வேறொன்றும் சொல்லாத மனுஷன்!

மறுநாள் காலையில் அடுப்பை அணைத்துவிட்டு உன் வீட்டுக்குப் போனேன். கார்த்திக்தான் கதவைத் திறந்தான்.

"தம்பி, சீரியல்ல பொண்டாட்டி செத்துப்போன பெரியவரை மகன் கூட்டிட்டுப் போறானே, அது சரியா, தப்பா?"

"ஆன்ட்டி, பேக்கிங் நடக்குது. சீரியல் பத்திப் பேசற நேரமா இது?"

"சும்மா சொல்லேன்டா."

"அந்தப் பையன் நல்லதுதானே பண்றான்? அப்பாவைத் தனியா விட முடியுமா?"

உள்ளேயிருந்து உன் வீட்டுக்காரர் வந்தார், கையில் பாதி மடித்த ஸ்வெட்டரோடு. "நல்லதுதான்டா பண்றான். ஆனா அந்த மனுஷனுக்குன்னு பேச ஒருத்தி இருந்தா. அவ போயிட்டா. உங்கம்மா இருந்தா இப்ப எனக்காகப் பேசியிருப்பா."

கார்த்திக் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டான். உன்னை வழியனுப்பிய அன்றுகூடக் கண் கலங்காமல் ஓடியாடியவன், முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்? பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு வர இஷ்டமாப்பா?" என்று கேட்டான்.

"இல்லடா."

"இங்க தனியா என்னப்பா பண்ணுவீங்க?"

"புனேல உங்கம்மாவைத் தெரிஞ்சவங்க யாருடா இருக்காங்க? நீ ஆபீஸ் போயிடுவே. அவளைப் பத்தி நான் யார்கிட்டப் பேசுவேன்?"

கார்த்திக் எழுந்து போய் புரோக்கருக்குப் போன் போட்டு, வீட்டை வாடகைக்கு விடுவது கேன்சல் என்று ஹிந்தியில் சொன்னான். மாதம் ஒரு தடவை தானே வந்து பார்ப்பதாக அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் புனேக்குக் கிளம்பினான்.

சுகுணா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவரிடம் உன்னைப் பற்றித் தினமும் பேசுவேன். செத்துப்போனவளாயிற்றே என்று உன்னைப் புகழ்ந்து தள்ளுவேன் என்று மட்டும் நினைக்காதே. நீ ரசத்தில் உப்பு போட மறந்தது, என்னை மெட்ரோ வாசலில் காக்க வைத்தது, எல்லாவற்றையும் சொல்லி உன்னை வாய் நிறையத் திட்டுவேன். அவர் விடமாட்டார். உன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வாயைத் திறப்பார். எனக்கு அது போதும்.

உன் கூடப்பிறக்காத அக்கா,
மீனா